எல்லை தாண்டும் 'பச்சை'

ஆனைகட்டிச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அட்டப்பாடி. பேருந்தை நிறுத்துகிறார்கள், 'பச்சை' என்ற சொல்லை யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்தியிருக்கலாமே என்று சில மொழிபெயர்ப்புகளைப் படிக்கையில் தோன்றுகிறது.

பச்சைத் தண்ணீர், பச்சைமிளகாய், ரயில்வே தந்த பச்சைக்கொடி எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. 'பச்சக்கள்ளம்' நம்ம பச்சைப்பொய்தான். ஆனால் 'பச்சையாய மனுஷ்யன்' என்று மலையாளி சொன்னால் அது பாராட்டு: பூச்சில்லாமல் உள்ளபடி வாழ்பவர். அதை அப்படியே தமிழில் இறக்கினால், 'பச்சையாப் பேசுறான்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு ஆபாசமே எட்டும். 'பச்சப்பாவம்' என்றால் சூதுவாது தெரியாத அப்பாவி; தமிழெழுத்தில் மட்டும் மாற்றி வைத்தால் கொடும்பாவம் என்றாகிவிடும். ஓர் இரங்கல் உரையில் இப்படி ஒரு வரி விழுந்தால்? 'ஜீவிதம் பச்சபிடிச்சு' என்பதற்கோ நிறத்தையே விட்டுவிட்டுத் 'தலையெடுத்தான்' என்பதே சரி.

பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ் என்று வளரும் நம் பிள்ளைகள் 'மாமா பச்சையான ஆளு' என்றால் அதட்டுகிறோம். பாவம், அது புகழ்ந்திருக்கும்!

அதற்காகச் சொல்லையே விலக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. காமராசரைப் பெரியார் 'பச்சைத் தமிழர்' என்றார். வடசொல் கலவாமல் எழுத முனைந்த கொடுங்கல்லூர்க் கவிஞர்களின் நடைக்குப் 'பச்ச மலையாளம்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது அது. இரண்டிலும் கலப்பின்மையே பொருள். கதகளியிலும் பச்சை வேஷம் நளன், தருமன் போன்ற உத்தமர்க்கே உரியது. ஆகவே 'பச்சை மனிதன்' தமிழில் ஓரளவு நிற்கும். 'பச்சையான', 'பச்சையாக' என்று ஈறு ஏறும்போதுதான் அது காலை வாருகிறது.