ரென்ஸோ நுழைந்த நகரம்

நாவல் படிப்பதற்கும் புதிய நகரொன்றில் கால்வைப்பதற்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டிலும் நாம் அந்நியராகவே நுழைகிறோம். எந்தத் தெரு எங்கே கொண்டுபோய் விடும், எதிரே வருகிறவர் நல்லவரா தீயவரா என்பது தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் சுவை இருக்கிறது. ஆயினும் நம் இல்லங்களில் நாவலும் ஊர்சுற்றலும் இன்னும் சற்றுச் சந்தேகத்துடனேயே பார்க்கப்படுகின்றன. "பொழுதுபோக்குத்தானே?" என்று கேட்கிறவர்களுக்கு நானும் பல்லாண்டுகள் சரியான விடை சொல்ல இயலாமல் இருந்தேன். அவ்விடையை எனக்குக் கற்பித்தவை இத்தாலிய எழுத்தாளர் அலெஸ்ஸாந்த்ரோ மன்ஸோனியின் 'மணம் நிச்சயிக்கப்பட்டோர்' என்னும் நாவலும், அது நிகழும் மிலான் நகரமும் ஆகும்.

1827இல் முதன்முதலாக வெளிவந்த இந்நூலை மன்ஸோனி மேலும் பல ஆண்டுகள் திருத்தினார். மிலானில் பிறந்த அவர், இத்தாலி முழுமைக்கும் பொதுவான மொழி வேண்டுமென்று புளோரன்சு மக்களின் பேச்சை அடியொற்றி நூலை மாற்றி எழுதி, 1840 முதல் 1842 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். அவர் மறைந்த முதலாண்டு நினைவு நாளான 1874 மே 22 அன்று, மிலானின் புனித மாற்கு ஆலயத்தில், இசைமேதை வெர்டி இறந்தோர் திருப்பலிக்கென அமைத்த இசை முதன்முறையாக ஒலித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் மண ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகையில், இளைஞர் இந்நாவலைப் படிக்க வேண்டுமென்றார்.

கதை எளியது. ஆண்டு 1628, மிலான் ஸ்பெயினின் ஆட்சியில் இருக்கிறது. கோமோ ஏரியை ஒட்டிய சிற்றூரில் பட்டு நூற்கும் இளைஞன் ரென்ஸோவுக்கும் லூச்சியாவுக்கும் திருமணம் நடைபெற வேண்டும். அவ்வூரை ஆட்டிப்படைக்கும் டோன் ரோட்ரிகோ என்னும் பிரபு அப்பெண்ணின்மீது கண்வைத்து அதைத் தடுக்கிறான். அவனுக்கு அஞ்சிய பங்குக்குரு திருமணத்தை நடத்திவைக்க மறுக்கிறார். காதலர் இருவரும் பிரிந்து, ஊரைவிட்டே ஓட நேர்கிறது.

கிறிஸ்தோபரோ என்னும் கப்புச்சின் துறவி தந்த கடிதத்துடன் ரென்ஸோ மிலானுக்கு வருகிறான். நகரின் கீழைவாயிலைக் கடந்ததும், தரையில் பனியைப் போன்ற வெண்கோடுகள் தென்படுகின்றன. உற்றுப் பார்த்தால் அது மாவு. சற்றுத் தொலைவில், சிலுவை நாட்டிய தூணின் அருகே ரொட்டிகள் சிதறிக் கிடக்கின்றன. ஊரெங்கும் பஞ்சம் நிலவ, இங்கே ரொட்டி தெருவில் கிடக்கிறது! பசித்த மக்கள் ரொட்டிக்கடைகளைச் சூறையாடிய நாள் அது என்பதை அவன் அறியான். உரியவரைக் கண்டால் விலை கொடுத்துவிடலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு மூன்று ரொட்டிகளை எடுத்துக்கொள்கிறான். மடத்தில் அவன் தேடிவந்த துறவி இல்லை. ஆலயத்தில் காத்திருக்குமாறு சொல்கிறார்கள். அவனோ கலகத்தை வேடிக்கை பார்க்கப் போகிறான். இரவில் மதுக்கடையில் மிதமிஞ்சிக் குடித்து, ஒற்றன் ஒருவனிடம் தன் பெயரை உளறிவிட, விடிந்ததும் கைதாகிறான். கூட்டத்தினரின் உதவியால் தப்பி ஓடுகிறான். புதிய நகரம் ஊட்டும் மயக்கத்தை இவ்வளவு நுட்பமாகவும், மயங்கியவனை ஏளனம் செய்யாமலும் எழுதிய பக்கங்கள் அரிது.

1630இல் அவன் இரண்டாம் முறை வருகிறான். இப்போது மிலானில் கொள்ளைநோய். சிலர் சுவர்களிலும் கதவுகளிலும் நஞ்சு பூசி நோயைப் பரப்புகிறார்கள் என்று மக்கள் நம்புகிறார்கள். ரென்ஸோ மரியாதையுடன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒருவரிடம் வழி கேட்கிறான். அவரோ தடியை ஓங்கி அவனை விரட்டுகிறார். தாம் நஞ்சு பூசும் ஒருவனை நேரில் கண்டு தப்பியதாகவே அம்மனிதர் பிற்காலமெல்லாம் கதை சொல்லித் திரிந்தாராம். நாம் சிரிக்கிறோம். ஆனால் அடுத்த தெருவில், ஆணியடித்து மூடப்பட்ட வீட்டின் மாடியிலிருந்து, பிள்ளைகள் சூழ நின்று ஒரு பெண் அவனைக் கூவி அழைக்கிறாள். அவர்களுக்கு உணவு கொடுக்க எவருமில்லை. ரென்ஸோ தன்னிடமிருந்த ரொட்டியைக் கொடுக்கிறான். அன்று சிலுவையடியில் எடுத்ததை இன்று திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவன் மனம் ஆறுதலடைகிறது. முதல் வருகையில் நகரிடமிருந்து எடுத்தவன், இரண்டாம் வருகையில் அதற்குக் கொடுக்கிறான். நாவலின் அறநெறி முழுவதையும் ஆசிரியர் இச்சிறு நிகழ்ச்சியில் வைத்திருக்கிறார் என்பது என் கருத்து.

தடி ஓங்கிய மனிதரின் கதை சிரிப்போடு முடிந்தது; எல்லாருடையதும் அவ்வாறு முடியவில்லை. 1630 ஜூன் 21 அன்று மழை பெய்த காலை வேளையில், சுவரோரமாக ஒதுங்கி நடந்த ஒருவர் கையைச் சுவரில் துடைப்பதைச் சன்னலிலிருந்து ஒரு பெண் கண்டாள். அவர் நலவாரியப் பணியாளர் குல்யெல்மோ பியாத்சா. விரலில் படிந்த மையையே அவர் துடைத்திருக்க வேண்டும். சித்திரவதை தாளாமல் அவர் சொன்ன பெயரால் ஜான் ஜாக்கோமோ மோரா என்னும் நாவிதரும் சிக்கினார். இருவரும் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். மோராவின் வீடு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 'அவமானத் தூண்' நாட்டப்பட்டது; 1778 வரை அது நின்றது. இவ்வரலாற்றை மன்ஸோனி தனி நூலாக எழுதி, நாவலின் திருத்திய பதிப்போடு சேர்த்து வெளியிட்டார். அறியாமை மிகுந்த காலம் என்று சொல்லி நீதிபதிகளைத் தப்பவிட அவர் இசையவில்லை. அன்றைய சட்டத்தைக்கொண்டே அவர்கள் உண்மையை அறிந்திருக்க முடியும், அறிய விரும்பவில்லை என்பதே அவர் தீர்ப்பு.

குறைகளும் உண்டு. பஞ்சத்தையும் போரையும் கொள்ளைநோயையும் விவரிக்கும் வரலாற்று அத்தியாயங்கள் கதையை நெடுநேரம் நிறுத்திவிடுகின்றன. லூச்சியா குறையே இல்லாதவளாகப் படைக்கப்பட்டிருப்பதால், தவறு செய்து கற்கும் ரென்ஸோவின் அளவுக்கு நம்மோடு ஒட்டுவதில்லை. ஆயினும் பொறுமையோடு படிப்பவர்க்கு அவ்வத்தியாயங்களே பின்னர் நகரைக் காட்டும் கண்களாகின்றன.

சில ஆண்டுகளுக்குமுன் மிலானுக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தபோது, நான் முதலில் தேடியது பேராலயத்தை அன்று; ரென்ஸோ நுழைந்த கீழைவாயிலை. இன்று அதன் பெயர் போர்த்தா வெனேத்சியா. கடைகளும் டிராம் வண்டிகளும் நிறைந்த அவ்விடத்திலிருந்து சில நிமிட நடையில், லூச்சியாவை அவன் கண்டடைந்த நோயாளர் விடுதி இருந்த இடம். 288 அறைகள் கொண்ட அக்கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டது. ஒரு தெருவில் சிறு பகுதி மட்டும் எஞ்சியுள்ளது. ஆனால் நடுவிலிருந்த எண்கோண ஆலயம் நிற்கிறது. நோயாளர் தத்தம் அறையிலிருந்தே திருப்பலியைக் காணும்படி, ஒரு காலத்தில் அது எல்லாப் பக்கமும் திறந்திருந்தது. இந்த விடுதியில்தான், சாகக்கிடக்கும் டோன் ரோட்ரிகோவை மன்னிக்குமாறு கிறிஸ்தோபரோ அடிகள் ரென்ஸோவிடம் சொல்கிறார். துறவு பூணுமுன் தாம் செய்த கொலைக்காக, இறந்தவரின் அண்ணனிடம் மன்னிப்பின் அடையாளமாகக் கேட்டுப்பெற்ற ரொட்டியின் எஞ்சிய துண்டை, சிறு பெட்டியில் வைத்துக் காதலர் கையில் ஒப்படைப்பதும் இங்கேதான்.

அங்கே நின்றபோது, 2020ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் மிலானில் பள்ளிகள் மூடப்பட்டபோது, தலைமையாசிரியர் ஒருவர் தம் மாணவருக்கு எழுதிய கடிதத்தில் இந்நாவலின் கொள்ளைநோய் அத்தியாயத்தை நினைவூட்டி, அண்டை மனிதரைப் பகைவராகப் பார்க்கும் மனநோய்க்கு எதிராக எச்சரித்தார். சில மாதங்களில் எங்கள் தெருவிலும் ஒரு வீட்டின் வாசலைத் தகரத்தால் அடைத்தார்கள். தனியே வாழ்ந்த பெரியவர் மாடியில் நின்று என்னை நோக்கிக் கையசைத்தார். நான் பார்க்காதவன்போல் உள்ளே போய்விட்டேன். இந்நாவலை நான் அதற்கு முன்பே படித்திருந்தேன், பாராட்டியும் பேசியிருந்தேன்.

ஆகவே, நாவல் படித்தால் நல்லவனாகிவிடுவோம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. படித்தது உள்ளே காத்திருக்கிறது; என்றோ ஒருநாள், அந்நிய நகரின் தெருவொன்றில், அது நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறது. ஊர் திரும்பியதும் அப்பெரியவரைக் காணப் போனேன். கையில் கடைத்தெரு பேக்கரியில் வாங்கிய ரொட்டி. எதற்கென்று விளக்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. "வாங்க தம்பி, உட்காருங்க" என்றார்.