தனிச்செலவும் தென்னாப்பிரிக்காவும்

1. தோற்றுவாய்

ஊர்விட்டு ஊர் போதலைச் ‘செலவு’ என்னும் சொல்லால் குறித்தனர் நம் முன்னோர். இன்று அச்சொல் பொருட்செலவையே பெரிதும் உணர்த்துகின்றது. போதலைக் குறிக்கப் ‘பயணம்’ என்பது நிலைபெற்றுவிட்டது. முதுகில் ஒரு பையும் கையில் சிறிது பொருளும் கொண்டு, துணையின்றித் தொலைநாடு செல்லும் இளைஞர் இந்நாளில் பலராவர். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியும் அவர்தம் செலவிற்குக் களமாகியுள்ளது. இத்தகைய தனிச்செலவு தமிழ் உரைநடையில் எவ்வாறு இடம்பெற்றுள்ளது, அதனை அளத்தற்குரிய அளவுகோல் யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் தமிழ் பயில்வோர்க்குச் சிறப்பாக உரியது. இவ்விரு மாவட்டங்களும் முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்தன. அம்மாவட்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் பலர். தனியே சென்றவனின் நூலை மதிப்பிடுங்கால், கூட்டமாகச் சென்று நூல் எழுதாதோரை மறத்தல் தகுமா என்பதே யாம் எழுப்ப விழையும் வினா.

2. பண்டை மரபு

பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து உள. அவற்றுள் செல்வோர் பெரும்பாலும் தனித்துச் செல்வதில்லை. பாணனும் பொருநனும் கூத்தனும் தத்தம் சுற்றத்தோடு செல்கின்றனர். வழியை உரைப்பவன் அவ்வழியே முன்னர்ச் சென்று மீண்டவன். மலைபடுகடாத்தில் வழியின் இடர்களும், இரவில் தங்குமிடங்களும், ஆங்காங்குப் பெறும் உணவும் நிரலே கூறப்படுகின்றன. தன் பெருமை கூறுதல் அவனுக்கு நோக்கமன்று. பின்வருவோர்க்கு வழி காட்டுதலே நோக்கம். எனவே, செலவு பற்றிய நம் பழைய நூல்களின் முதற்பண்பு பிறர்க்குப் பயன்படுதல் எனலாம்.

அகப்பாடல்களில் நிலை வேறு. பொருள்வயிற் பிரியும் தலைவன் தனியே செல்கின்றான். ஆயின் அவன் சென்றடைந்த நாட்டைப் பற்றிய செய்தி அருகியே வருகின்றது. பிரிந்திருப்போரின் துயரே பெரிதும் பாடப்பெறுகின்றது. முந்நீர் வழக்கம் பெண்டிரோடு இல்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. முந்நீர் என்பதற்குக் கடல் எனப் பொருள் கொள்வாரும், ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைச் செலவின் நீர்மை எனப் பொருள் கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும், தானே விரும்பி மேற்கொண்டு, வினை முடித்து மீளும் ஆண்மகனின் செலவையே அவ்விதி கருதிற்று என்பது தெளிவு. இக்கருத்து பின்னர் வேண்டப்படும்.

3. இளைஞர் இருவர்

தென்னாப்பிரிக்காவில் தனிச்செலவு மேற்கொண்ட இளைஞருள் முதற்கண் எண்ணத்தக்கவர் காந்தியடிகள். 1893ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் இரவு, பீட்டர்மாரிட்சுபர்க்கு நிலையத்தில் அவர் வண்டியினின்று இறக்கப்பட்டபோது அவர்க்கு வயது 23. முதல் வகுப்புச் சீட்டுக் கையில் இருந்தது, நிறம் தடையாயிற்று. அவர்தம் தன்வரலாறு இந்நிகழ்ச்சியை மிகைச்சொல் இன்றிக் கூறுகின்றது. குளிரும், மேலங்கி பெட்டியோடு போனமையும், அதனைக் கேட்டுப் பெறக் கூசியமையும் அங்கே காணப்படுகின்றன. நாடு திரும்புவதா, நின்று போராடுவதா என்னும் வினா தனிமையில் எழுகின்றது. துணையிருப்பின் ஆறுதல் மொழி கிடைத்திருக்கும்; வினாவின் கூர்மை குறைந்திருக்கும். தனிச்செலவு இலக்கியத்திற்குத் தரும் பேறு இதுவே.

மற்றவர் ஏ. கே. செட்டியார் (1911–1983). கோட்டையூரிற் பிறந்து, தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். 1937ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றபோது காந்தியடிகள் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவர்க்குத் தோன்றிற்று. அப்போது அவர் 26 வயது நிரம்பாதவர். படச்சுருள்களைத் தேடிப் பல நாடுகளுக்குச் சென்றவர் தென்னாப்பிரிக்காவையும் அடைந்தார். படம் 1940இல் வெளிவந்தது. அத்தேடலைப் பற்றிய கட்டுரைகள் பின்னர் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் பெயரில் நூலாயின.

செட்டியார் நடையின் தனிப்பண்பு தம்மை மறைத்துக்கொள்ளுதல். குறுகிய தொடர்கள், அடங்கிய நகை, கண்டவரையும் கேட்டதையும் முன்னிறுத்தும் முறை ஆகியவை அவர் எழுத்தெங்கும் காணப்படும். காந்தியடிகள் தமக்கு நேர்ந்ததை எழுதித் தம் உள்ளத்தின் திருப்பத்தைக் காட்டினார். செட்டியார் பிறரொருவரின் சுவட்டைத் தேடிச் சென்று தாம் ஒதுங்கி நின்றார். முன்னது அகத்தின் தனிமைக்கு அணித்து; பின்னது ஆற்றுப்படையின் நெறிக்கு அணித்து. இவ்விரண்டனுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் வேண்டுவதன்று.

செட்டியார் சென்ற காலமும் கருதத்தக்கது. நிறவெறிக் கொள்கையை எதிர்த்து 1946இல் இந்திய அரசு தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை முறித்தது. தூதரக உறவு மீண்டும் அமைந்தது 1993இல். அவ்விடைக்காலத்தில் தமிழ்நாட்டு இளைஞன் தன் விருப்பம்போல் அந்நாட்டிற்குச் செல்லுதல் அரிது. ஆதலின் தமிழ்ப் பயண நூல்களில் தென்னாப்பிரிக்கா பற்றிய செய்தி குறைந்திருத்தற்கு ஆர்வமின்மையன்று, அடைபட்ட வழியே தலையாய காரணம் எனக் கொள்ளலாம்.

4. பட்டியலில் நின்ற செலவு

இனி நூல் எழுதாதோரைக் காண்போம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் 342 பேருடன் நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அதுமுதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்றோர். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகிய இவ்வளவே கப்பற் பட்டியலில் ஒருவர்க்குக் கிடைத்த இடம். பிறர் கையால் எழுதப்பட்ட அவ்வொரு வரியே அவர்தம் பயண நூல்.

பட்டியலில் பெண்டிரும் குழந்தைகளும் உளர். ஆண்களோடு குறித்த விகிதத்தில் பெண்டிரும் செல்லுதல் வேண்டும் என்று சட்டம் வகுக்கப்பட்டிருந்தது. தொல்காப்பிய விதி கருதிய செலவு வேறு, இச்செலவு வேறு என்பது இதனாற் புலனாகும். வினை முடித்து மீளும் தலைவன் இங்கில்லை. மீண்டோர் சிலராக, கரும்புத் தோட்டங்களைச் சார்ந்து அங்கேயே குடியமர்ந்தோர் பலராயினர்.

ஒரு தொழிலாளியின் குரல் நூலில் ஏறியது. 1894இல் தலைப்பாகையைக் கையிற் பிடித்து, முன்பற்கள் உடைந்த நிலையில் காந்தியடிகளிடம் வந்த பாலசுந்தரம் என்னும் தமிழர் அவர். தம் துயரைத் தமிழிற் கூறினார்; தமிழ் எழுத்தர் ஒருவர் அதனைக் காந்தியடிகளுக்கு விளக்கினார். காந்தியடிகள் பின்னாளில் அதனைக் குசராத்தியில் எழுதினார். அது ‘சத்திய சோதனை’ என்னும் மொழிபெயர்ப்பாய்த் தமிழுக்கு வந்தது. தமிழன் தமிழிற் சொன்ன சொல், பிறமொழி வழியே சுற்றித் தமிழுக்கு மீண்ட நிலையை ஈண்டுக் காண்கின்றோம். அவர் சொன்ன சொற்கள் யாவை என்பது இனி அறியவொண்ணாதது. தனிச்செலவு நூல்களைப் படிப்போர் இவ்விழப்பையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும்.

5. ஒரு தடையும் விடையும்

கப்பற் பட்டியல் இலக்கியமன்று. அதனைத் திறனாய்வில் புகுத்துதல் முறையோ எனின், கூறுதும். அதனை இலக்கியம் என்று யாமும் கூறவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டுகளும் இலக்கியமல்ல; எனினும் சோழர்காலக் காப்பியங்களையும் பரணிகளையும் ஆராய்வோர் அத்தகைய கல்வெட்டுகளின் துணையை நாடுகின்றனர். கல்லுக்குத் தந்த மதிப்பைத் தாளுக்கும் தருதல் நேரிது.

மற்றொன்றும் இவ்விடத்து நினைவிற்கு வருகின்றது. 1860களில் நிலநூலறிஞர் பிளான்போர்டு இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். இப்பாறைகளில் உள்ள கடலுயிர்ப் படிவங்களைத் தென்னாப்பிரிக்கக் கீழ்க்கரைப் படிவங்களோடு ஒப்பிட்டு அறிஞர் எழுதியுள்ளனர். கூலிகளைக் கப்பல்கள் ஏற்றிச் சென்ற அதே காலத்தில் நிகழ்ந்த ஆய்வு இது. இரு நிலத்துக் கற்களின் உறவு ஆராயப்பட்ட அளவிற்கு இரு நிலத்து மக்களின் உறவு நம் துறையில் ஆராயப்படவில்லை.

6. முடிவுரை

தனிச்செலவு நூலை அளத்தற்கு மூன்று வினாக்களை முன்வைக்கின்றோம். செல்வோன் தனிமையில் தன்னைத் தான் வினவினானா? பின்வருவோர்க்கு வழி உரைத்தானா? தனக்கு முன் அவ்வழியே சென்றோர் யாவர் எனக் கேட்டானா? முதல் வினாவிற்குக் காந்தியடிகளும், இரண்டாவதற்குச் செட்டியாரும் சிறந்த விடை தந்துள்ளனர். மூன்றாவதற்கு நிறைவான விடை இன்னும் எழுதப்படவில்லை. பை சுமந்து டர்பனில் இறங்கும் இன்றைய இளைஞன் எழுதப்போகும் நூலுக்கு அது காத்திருக்கின்றது.

அதுவரை முதுகலை மாணவர் இங்கிருந்தே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகங்களில் உள்ள பட்டியல்களில், எழுத்தர் கையிற் சிதைந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்து ஊர்ப்பெயர்களைப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து ஊர்களோடு ஒப்பிட்டுத் திருத்தம் காண்க. அவ்வூர்களின் கும்மியிலும் ஒப்பாரியிலும் கடல் கடந்து போனவரைப் பற்றிய குறிப்பு உளதா எனக் கேட்டறிக. ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் கண்டு மூலம் தேடிய நம் துறைக்கு இப்பணி புதிதன்று.