எரிட் ஏன் இருட்டாக இருக்கிறது?

வேற்றுக்கோள் கதைகளில் பெரும்பாலும் கண்ணுக்குத்தான் வேலை. இரண்டு சூரியன், ஊதா நிறச் செடி, பச்சை வானம். காதும் மூக்கும் பூமியில் இருந்தபடியே இருக்கும். ஆனால் அங்கே என்ன வாயு, எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், எது தெரியும், எது கேட்கும், எது மணக்கும் என்பதெல்லாம் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. அதற்கப்புறம் எழுத்தாளர் இஷ்டத்துக்கு விட முடியாது. இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்ட நாவல்கள் குறைவு. ஆண்டி வியர் எழுதி 2021-ல் வந்த 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி' அவற்றில் ஒன்று. எனக்கு ரொம்பப் பிடித்த புத்தகம், அதனால்தான் நோண்டுகிறேன். (கதை முன்னாடியே தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

ராக்கி என்கிற ஐந்து கால் வேற்றுக்கோள் பொறியாளனின் ஊர் எரிட். காற்று முழுக்க அம்மோனியா. அழுத்தம் நம்மைப்போல 29 மடங்கு, வெப்பநிலை 210 டிகிரி செல்சியஸ். இந்த எண்கள் சும்மா போட்டவை இல்லை. நம் வீட்டு குக்கரில் அழுத்தம் சுமார் 2 மடங்கு, தண்ணீர் 120 டிகிரி வரை திரவமாகவே நிற்கிறது. அதே கணக்கை நீட்டினால் 29 மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஆக 210 டிகிரியிலும் எரிட்டில் தண்ணீர் உண்டு, உயிரும் இருக்கலாம். எரிட் ஒரு ராட்சத குக்கர், அவ்வளவுதான்.

கதாநாயகன் கிரேஸுக்கு இந்த ஊரைப் பற்றி முதல் தகவல் தருவது மூக்கு. ராக்கி அனுப்பிய உருளையில் அம்மோனியா நெடி. பழைய டிராயிங் ஆபீஸில் அம்மோனியா பிரிண்ட் எடுத்தவர்களுக்கு அந்த நெடியைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

அடுத்தது நாவலின் மையம். வளிமண்டலம் அவ்வளவு தடிமன் என்பதால் எரிட்டின் தரைக்கு வெளிச்சமே வருவதில்லை. எனவே எரிடியன்களுக்குக் கண் இல்லை, ஒலியால்தான் உலகத்தை அறிகிறார்கள். வியர் இதோடு நிற்காமல் பின்விளைவுகளையும் தொடர்ந்து போகிறார். வெளிச்சமே இல்லாத இடத்தில் வளர்ந்த இயற்பியலில் சார்பியல் கொள்கை கிடையாது. கதிர்வீச்சு என்றால் என்னவென்றும் தெரியாது. ஏனென்றால் அதே காற்றுதான் அவர்களைக் கதிர்வீச்சிலிருந்தும் காத்துவந்தது. அதனால் விண்வெளியில் ராக்கியோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், ஏன் என்று அவனுக்குப் புரியவே இல்லை. காற்றில் தொடங்கி ஒரு கப்பல் நிறைய சாவு வரை ஒரே சங்கிலி. அறிபுனையில் இதைவிட நேர்த்தியான காரண-காரியத் தொடரை நான் அதிகம் படித்ததில்லை.

அதனால்தான் முதல் கண்ணி முக்கியம். அது அறுந்தால் எல்லாம் போச்சு. அந்தக் கண்ணி பலவீனமானது என்பது என் கருத்து.

வெள்ளிக் கோளைப் பாருங்கள். அங்கே அழுத்தம் 92 மடங்கு, எரிட்டைப்போல மூன்று மடங்கு. மேலே இடைவெளியே இல்லாத கந்தக அமில மேகம். 1975-ல் சோவியத் யூனியனின் வெனேரா 9 இறங்கியபோது இருட்டாக இருக்கும் என்று பயந்து விளக்குகளோடு போனது. விளக்குக்கு வேலையே வரவில்லை. பூமியில் நல்ல மேகமூட்டமான பகல் அளவுக்கு வெளிச்சம் இருந்தது. 1982-ல் வெனேரா 13 வண்ணப்படமே அனுப்பியது, ஆரஞ்சு நிறத்தில். ஆக, தடிமன் மட்டும் இருட்டாக்காது. ஒளியை உறிஞ்ச ஏதாவது பொருள் வேண்டும். அம்மோனியா கண்ணுக்குத் தெரியும் ஒளியை மிகக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். கரியோ, தூசியோ, டைட்டன் நிலவில் இருப்பதுபோல கரிமப் புகைமூட்டமோ, அதைவிடப் பல மடங்கு அடர்த்தியாக, எரிட்டின் மேலே மிதக்க வேண்டும். ஒரு வரியில் சொல்லியிருந்தால் போதும்.

இதை வீட்டில் சொன்னபோது பத்தாவது படிக்கும் மகள் வேறு பக்கத்திலிருந்து மடக்கினாள். "இருட்டா இருந்தா என்னப்பா? கடலுக்கு அடியிலயும் இருட்டுதான். அங்க மீனெல்லாம் தானே லைட் போட்டுக்குதே, கண்ணும் இருக்கே?" நான் எழுப்பியதைவிட வலுவான ஆட்சேபம். இரண்டு நாள் யோசித்தேன். பதில் வேதியியலில் கிடைக்கிறது, அது வியருக்குச் சாதகமானதும்கூட. பூமியில் மின்மினியிலிருந்து ஆழ்கடல் மீன் வரை உயிர் உண்டாக்கும் வெளிச்சம் ஏறக்குறைய எல்லாமே ஆக்சிஜனை நம்பியிருக்கிறது. அம்மோனியாக் காற்றில் தனி ஆக்சிஜன் தங்காது. (நாவலில் கிரேஸைக் காப்பாற்ற ராக்கி நம் காற்றுக்குள் பாய்ந்ததும் அவன் உடல் தீப்பற்றிப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள்.) சரி, அகச்சிவப்பில் பார்க்கலாமே என்றால், 210 டிகிரியில் சுவரும் தரையும் கண்ணுமே ஒரே மாதிரி ஒளிர்ந்துகொண்டிருக்கும். கண்ணுக்குள்ளேயே டார்ச் எரிந்தால் என்ன தெரியும்? போதாததற்கு அம்மோனியா அகச்சிவப்பை நன்றாகவே உறிஞ்சும். ஆகவே மேலே புகைமூட்டத்தை மட்டும் போட்டுக்கொண்டால் கண்ணில்லாத எரிடியன் நிற்பான். சங்கிலி அறவில்லை.

மணத்துக்கு வருவோம். ஒரு பொருள் மணக்க அது காற்றில் ஆவியாக வேண்டும். நம் ஊரில் கற்பூரம் மணப்பது அது சும்மா வைத்தாலே ஆவியாவதால். டைட்டனின் மைனஸ் 179 டிகிரியில் கற்பூரம் வெறும் கல். எரிட்டின் சூட்டில் நேர்மாறு, நமக்கு மணமே இல்லாத பல பொருள்கள் அங்கே மணக்கலாம். இதை வைத்து முழுக் கதையே எழுதியவர் ஹால் கிளெமென்ட். தொழில்முறையில் பள்ளி அறிவியல் ஆசிரியர். 1951-ல் தொடராக வந்த அவருடைய 'ஐஸ்வேர்ல்ட்' நாவலில் கந்தக ஆவியைச் சுவாசிக்கும் உயிர்களுக்கு ஒரு போதைப்பொருள் கடத்தி வரப்படுகிறது. அதைக் கடுங்குளிரில் வைத்தால்தான் பத்திரம், அவர்கள் வீட்டுச் சூட்டில் திறந்தால் அறை முழுக்க ஆவி. அந்தப் பயங்கரச் சரக்கு நம் புகையிலை! நடை கொஞ்சம் வறட்சி, பாத்திரங்கள் மரக்கட்டை. ஆனால் மூக்கை ஒரு கதையின் அச்சாணியாக வைத்த துணிச்சல் பெரிது. அதன் முன்னால் 'அவதார்' படத்தின் பண்டோரா வெறும் சுவரொட்டி. காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு என்கிறார்கள். அந்த வாயு அளவு கூடினால் அழுகிய முட்டை நாற்றம்கூடத் தெரியாது, மூக்கு மரத்துப்போய்விடும். முகமூடி கழன்று தவிக்கும் காட்சியில் அது எவ்வளவு பயமாக இருந்திருக்கும்.

கடைசியாகக் காது. என் உண்மையான புகார் இங்கேதான். 210 டிகிரி அம்மோனியாவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 545 மீட்டர் என்று கணக்கு வருகிறது. நம் காற்றில் 343. வேகம் கூடினால் அலைநீளமும் கூடும், ஒலியால் வரையும் படம் சொரசொரப்பாகும். 20,000 ஹெர்ட்ஸில்கூட அலைநீளம் 2.7 சென்டிமீட்டர். விரல் தனியாகத் தெரியாது. மீயொலியைப் பயன்படுத்தலாம், வௌவால் அப்படித்தான் செய்கிறது. ஆனால் ராக்கி கிரேஸை முதலில் 'பார்ப்பது' ஒரு கெட்டிச் சுவருக்கு அப்பாலிருந்து. இவன் சைகை காட்ட அவனும் திருப்பிக் காட்டுகிறான். பக்கத்து வீட்டில் பாட்டு போட்டால் நமக்கு என்ன கேட்கிறது? மேளம் மட்டும். சுவர் தணிந்த அதிர்வெண்ணை விடும், உயர்ந்ததை விழுங்கும். படம் வரையத் தேவையான மீயொலியைத்தான் முதலில் விழுங்கும்.

வேடிக்கை என்னவென்றால், எரிடியன் பேச்சுக்கு இது இடைஞ்சல் இல்லை. அவர்கள் பேசுவது ஸ்வரக் கூட்டுகளில், நம் க, ச, ட மாதிரி நுணுக்கமான மெய்யொலிகள் இல்லை. கட்டை ஸ்வரங்கள் சுவர் தாண்டி வந்துவிடும். ஆக, அந்தச் சுரங்கப்பாதையில் இருவரும் பேசிக்கொண்டது சரி. கிரேஸ் காட்டிய சைகையை ராக்கி கண்டுபிடித்ததுதான் நடக்காது. சுவரின் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்றைப் பொருத்த வைத்திருந்தால் வியர் தப்பித்திருப்பார். சவ்வு 29 மடங்கு அழுத்தத்தைத் தாங்குமா என்பது வேறு கணக்கு. அதை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.