ஓயாத சர்வரில் ஒரு பேக்கப்: ரெஸ்டிக்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்து டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் சர்வருக்கு ராத்திரி என்று ஒன்று கிடையாது. எந்த லாட் வெட் புளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்) எந்த டிரம்மில் ஏறியது, எத்தனை சதுர அடி கட்டிங்குக்குப் போனது என்று பகல் முழுக்கப் பதிவு ஓடும். இங்கே விளக்கு வைக்கும் நேரம் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் பிற்பகல். ஆர்டர் திருத்தங்கள் அப்போதுதான் வந்து குவியும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கு நேரடிக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியபோது தோல் பதனிடுதலும் அதில் இருந்தது. அந்தக் கருவிகளும் ராப்பகல் பார்ப்பதில்லை. ஆகவே 'ராத்திரி இரண்டு மணிக்கு ஓடவிட்டால் போதும்' என்ற வழக்கமான யோசனை இங்கே பாதிதான் எடுபடும். பேக்கப்பைத் தள்ளிப்போடவும் வழியில்லை. கணினியில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் அதன் நகலை இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனி விதிகள் திருத்தப்பட்டுவிட்டன. எடுத்தே ஆக வேண்டும், வேலையும் நிற்கக் கூடாது என்னும் இந்த இடத்துக்கு ரெஸ்டிக் என்ற இலவச மென்பொருள் எவ்வளவு பொருந்தும் என்பதே கேள்வி.

ரெஸ்டிக் ஒரே ஒரு கோப்பு. லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். தரவைச் சராசரியாக ஒரு எம்பி அளவுத் துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே உள்ள துண்டை மறுபடி அனுப்பாமல், புதியதை மட்டும் பூட்டி அனுப்பும். 2022 முதல் சுருக்கியும் அனுப்புகிறது. சுமை குறைக்க வேண்டும் என்றதும் பலரும் முதலில் தேடுவது கடிவாளத்தை. இதில் கடிவாளங்கள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் எதைப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சும்மா விட்டால் ரெஸ்டிக் எல்லா கோர்களையும் எடுத்துக்கொள்ளும். 'கோமேக்ஸ்ப்ராக்ஸ்' என்ற மாறியை 1 அல்லது 2 என வைத்தால் அடங்கும். லினக்ஸின் 'நைஸ்' முக்கியமாகப் பிராசசரைத்தான் விட்டுக்கொடுக்கும், டிஸ்க்குக்கு அதை நம்ப முடியாது. டிஸ்க்குக்கு என்றே இருக்கும் 'அயோநைஸ்' கட்டளையோ, டிஸ்க்கின் ஷெட்யூலர் 'நன்' என்று இருந்தால் எந்தப் பயனும் தராது, எச்சரிக்கையும் காட்டாது. என்விஎம்இ டிஸ்க்குகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. அப்லோடு வரம்போ இன்னும் ஏமாற்றும். அது வெளியே போகும் தரவைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே சேமிப்பில் உள்ள துண்டுகள் வெளியே போவதே இல்லை என்பதால், அவற்றைப் படிக்கும் வேலை முழு வேகத்தில் நடந்துகொண்டே இருக்கும். லைனில் அமைதி, டிஸ்க்கில் அமளி. படிக்கும் வேகத்தையே பிடிக்க வேண்டுமானால் சிஸ்டம்டி வழியாக ரெஸ்டிக்குக்குத் தனி வரம்பு கட்ட வேண்டும். அங்கேயே மெமரிக்கும் ஒரு எல்லை வைத்துவிடலாம். பேக்கப் படித்துத் தள்ளும் கோப்புகள் டேட்டாபேஸின் கேஷை வெளியேற்றுவது அதனால் குறையும்.

இத்தனை கடிவாளங்களும் வேலையை நீட்டுமே ஒழியக் குறைக்காது. 600 ஜிபி-யை விநாடிக்கு 100 எம்பி வீதம் படித்தால் 1 மணி 40 நிமிடம். வேகத்தைக் கால்வாசியாக்கினால் 6 மணி 40 நிமிடம். ஓடும் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பாதி பழசும் பாதி புதுசுமாக வரும் என்பதால் எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கை அந்த நொடியில் உறையவைத்த நிலை) எடுத்து அதிலிருந்து படிப்பார்கள். அந்த ஸ்னாப்ஷாட் உயிரோடு இருக்கும் வரை, தொடாத ஒரு பகுதியில் முதல் தடவை எழுதும்போதெல்லாம் பழையதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் புதியதை எழுத முடியும். ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் ஸ்னாப்ஷாட்டே செல்லாது. பேக்கப்பை மெதுவாக்கியவர், எழுதுகிறவர்களின் சுமையை ஐந்து மணி நேரம் கூட்டியிருக்கிறார் என்பதுதான் இதன் பொருள்.

ஆகவே படிப்பதைக் குறைப்பதில்தான் உண்மையான லாபம். இங்கேதான் ரெஸ்டிக்கைப் பற்றிய பெரிய தவறான எண்ணம் நிற்கிறது: துண்டு துண்டாக ஒப்பிடும் திறமை சேமிப்பு இடத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது, சர்வரை அல்ல. ஒரு துண்டு பழையதா என்று அறிய அதைப் படித்தாக வேண்டும். படிக்காமலே தாண்டிப்போக, ரெஸ்டிக் தன் முந்தைய பேக்கப்பில் அதே பாதையில் அதே கோப்பைத் தேடி, அளவும் நேரக்குறிகளும் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்கிறது. எல்விஎம் ஸ்னாப்ஷாட்டைத் தேதி போட்ட புதுப்புது ஃபோல்டரில் மவுண்ட் செய்யும் பழக்கம் உள்ள இடங்களில் பாதை தினமும் மாறுகிறது. அதனால் மொத்தத் தரவும் தினமும் படிக்கப்படுகிறது. சேமிப்பு ஒழுங்காகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மவுண்ட் செய்யும் இடத்துக்கு ஒரே பெயர் வைப்பது, எந்தக் கடிவாளத்தையும் விடச் சுமையைக் குறைக்கும். ஃபோல்டர் முழுக்கப் பர்மிஷனை மாற்றி எழுதும் ஸ்கிரிப்டும் இதே கேட்டைச் செய்யும். பாட்டர்ன் கோப்புகளும் தோல் படங்களுமாக லட்சக்கணக்கில் சிறு கோப்புகள் இருந்தால், சதவீதம் காட்டுவதற்காகவே ரெஸ்டிக் செய்யும் முன்நடையை 'நோ-ஸ்கேன்' என்று நிறுத்திவிடலாம்.

டேட்டாபேஸ் டம்ப் வேறு கதை. தினமும் முழுதாகப் புதிய கோப்பு, அதுவும் ஜிசிப் செய்து. நடுவே ஒரு வரி மாறினாலும் அதற்குப் பின்னால் எல்லாமே வேறாகிவிடும். துண்டு ஒப்பீட்டுக்கு வேலையே இல்லை. சுருக்காமல் நேரடியாக ரெஸ்டிக்குக்குள் செலுத்தினால் அதுவே சுருக்கிக்கொள்ளும். ஆனாலும் டம்ப் எடுப்பதே ஒரு சுமைதான். நகல் டேட்டாபேஸ் ஒன்று இருந்தால் அதிலிருந்து எடுப்பதே சரி.

'நல்ல எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் இந்தப் பாடு எதற்கு?' என்பார்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் சர்வருக்கு அது நியாயமான செலவுதான். ஆனால் தேவையில்லாமல் 600 ஜிபி படிக்கும் அமைப்பு, தரவு 1,200 ஜிபி ஆகும்போது அங்கேயும் இடிக்கும். 'போர்க் எதற்கு ஆகாது?' என்பது அடுத்த கேள்வி. சுமாரான பிராசசர் உள்ள லினக்ஸ் சர்வரில், இன்னொரு இலவச பேக்கப் மென்பொருளான போர்க்பேக்கப் அடக்கமாகவே ஓடும், அதைக் குறை சொல்ல மாட்டேன். டேலி ஓடும் விண்டோஸும் லினக்ஸும் கலந்து கிடக்கும் அலுவலகத்தில் இரண்டுக்கும் ஒரே கருவி வேண்டும் என்பதால் ரெஸ்டிக் பக்கம் சாய்கிறேன்.

ரெஸ்டிக்கின் மெய்யான குறை மெமரி. சேமிப்பு வளர வளர அதன் இண்டெக்ஸும் வளர்ந்து ராமில் உட்காரும். பழையதைக் கழிக்கும் 'ப்ரூன்' வேலை இன்னும் கனமானது. அதை உற்பத்தி சர்வரில் ஓட்டவே கூடாது, பேக்கப் தங்கும் கம்ப்யூட்டரில்தான் ஓட்ட வேண்டும். இதற்குச் சுமை மட்டும் காரணமல்ல, பாதுகாப்பும்தான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் ரான்சம்வேரில் பூட்டப்பட்டபோது, பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் நோயாளிகளின் தரவு மீண்டது. பேக்கப்பை வாங்கி வைக்கும் ரெஸ்ட்-சர்வர் என்ற மென்பொருளை 'சேர்க்க மட்டும்' என்ற நிலையில் வைத்தால், உற்பத்தி சர்வருக்குள் புகுந்தவன் பழைய நகல்களை அழிக்க முடியாது. அழிக்கும் உரிமை இல்லாத சர்வரில் ப்ரூனும் ஓடாது. மாதம் ஒரு தடவை ஒரு லாட்டின் பதிவை மீட்டெடுத்துத் திறந்து பார்க்கும் வேலையையும் பேக்கப் தங்கும் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம். டிரம் பதிவு ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைத் தொடவே வேண்டியதில்லை.