ஸ்பீக்கர் கம்பி: விலையும் விஞ்ஞானமும்

வீட்டில் இசை கேட்கும் கருவிகளோடு ஸ்பீக்கர் கேபிளும் இன்று தனிச் சரக்காக விற்கப்படுகிறது. வெள்ளிக் கம்பி, விசேஷ முறுக்கு, மின்சாரம் செல்லும் திசைக்கு அம்புக்குறி என்று அதற்குப் பல பெருமைகள் கூறப்படுகின்றன. மீட்டருக்குப் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ளவையும் உண்டு. இவற்றில் விஞ்ஞானம் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு?

ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயிக்கு இதில் பாதி விடை தெரியும். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரை எவ்வளவு ஆழத்தில் இறக்குகிறாரோ, அதற்கேற்பத் தடித்த கேபிளாக வாங்குவார். கேபிள் மெல்லியதானால் வழியிலேயே மின்னழுத்தம் குறைந்து மோட்டார் திணறும். கம்பி நீண்டால் மின்தடை கூடும், தடித்தால் குறையும். ஸ்பீக்கர் கம்பிக்கும் இதுவே விதி.

கணக்கிட்டுப் பார்ப்போம். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 ஓம். 5 மீட்டர் தொலைவுக்குப் போக வர 10 மீட்டர், ஆக 0.17 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது நூற்றில் இரண்டு பங்கே; காதுக்குப் புலப்படாது. கம்பி 0.2 சதுர மி.மீ. ஆக மெலிந்து, தொலைவும் 10 மீட்டரானால் 1.7 ஓம் ஆகிவிடும். ஸ்பீக்கரின் மின்எதிர்ப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதால், அப்போது ஒலி குறைவதுடன் அதன் தன்மையும் மாறும். ஆகவே, எந்தக் கம்பியானாலும் ஒன்றே என்பதும் தவறு.

வெள்ளியின் மின்தடை செம்பைவிட நூற்றுக்கு ஆறு பங்கு அளவே குறைவு. செம்பைச் சற்றுத் தடிப்பாக்கினால் அதே பயன் கிட்டும். அம்புக்குறியோ பொருளற்றது, இசையைச் சுமப்பது மாறுதிசை மின்னோட்டம் அன்றோ? இரு ஸ்பீக்கர்களின் கம்பிகளும் 3 மீட்டர் வேறுபட்டால், அந்தத் தாமதத்தில் ஒலி காற்றில் 0.005 மி.மீ. தூரமே செல்லும். கேட்பவர் ஒரு விரற்கடை தலையை அசைத்தாலே அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு உண்டாகும்.

1983-இல் அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழ், கம்பி எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்துச் சோதித்தது. மிக மெல்லிய 24 கேஜ் கம்பியின் வேறுபாடு தென்பட்டது. ஆனால் இசை கேட்கையில், சாதாரண 16 கேஜ் விளக்குக் கம்பியை விலையுயர்ந்த கேபிளிலிருந்து பிரித்தறிய இயலவில்லை.

கேபிளின் அமைப்பு உண்மையிலேயே முக்கியமாவது வேறோர் இடத்தில். இசைத்தட்டுக் கருவியிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு வருவது சில மில்லிவோல்ட்டே. மேலே உலோகப் பின்னல் உறை இல்லாவிட்டால் அதில் மின்சார இரைச்சல் புகுந்துவிடும். கேபிள் வீணாக நீண்டால் அதன் மின்தேக்குத்திறன் கூடி, உச்ச ஸ்வரங்களின் தெளிவைக் கெடுக்கும். இங்கே உறையுள்ள, குட்டையான கேபிளே நல்லது.

இசைக்கருவி வாங்கும் மாணவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் நாம் கூறுவது இதுவே: ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியைத் தேவையான நீளத்துக்கு வாங்கி, முனைகளை இறுக்கமாகப் பொருத்துங்கள். மிஞ்சும் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். அந்த வேறுபாடு காதுக்குக் கேட்கும்.