நிலையிலிருந்து கிளம்பும் வலு

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் நிலையை விட்டு அசையும் முதல் கணம், பளுப்பயிற்சிக்கும் கிக் பாக்சிங் உதைக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்வதற்கு மிகச் சிறந்த சான்றாகும். நிற்கும் தேரை அசைக்க வேண்டிய விசை, ஓடும் தேருக்கு வேண்டியதைவிடப் பெரிது என்பதால், "கோவிந்தா" என்ற குரல் எழுந்ததும் வடம் பிடித்தவர்கள் உடலைச் சாய்த்துப் பாதத்தைத் தரையில் ஊன்றி, கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் ஒருசேர நிமிர்த்துகின்றனர். வலு பிறப்பது காலிலும் இடுப்பிலும்தான், கைகள் அதை வடத்துக்குக் கடத்துகின்றன.

1960களில் ஜப்பானில், கராத்தேயும் தாய்லாந்தின் முவே தாயும் கலந்து உருவான கிக் பாக்சிங்கின் வட்ட உதையும் இதே வழியில்தான் பிறக்கிறது. ஊன்றிய காலின் முன்பாதம் சுழன்று குதிகால் எதிராளியை நோக்கித் திரும்ப, இடுப்பு முந்திக்கொள்ள, தொடை அதைத் தொடர, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு கடைசியாகச் சென்று தாக்குகிறது. இந்த வரிசை பிசகாத உதையைக் காண்பது பெரும் இன்பம்.

தென்மாவட்ட ஊர்களின் இளவட்டக்கல் இந்த இடுப்பு வலுவைப் பழக்குவதற்கென்றே அமைந்தது போன்ற கருவி. பிடி ஏதுமற்ற அந்த வழவழப்பான உருண்டைக் கல்லைக் குந்தி அணைத்து, தொடைமேல் ஏற்றி, நெஞ்சோடு சேர்த்து, இடுப்பை வெடுக்கென நிமிர்த்தித் தோளுக்குக் கொண்டுவந்து பின்புறம் வீச வேண்டும். இடுப்பு சோம்பினால் கல் தொடையிலேயே நின்றுவிடும். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி நடக்கும் போட்டியில் பெண்களும் கல் தூக்குகின்றனர். உடலைச் சுழற்றும் வலுவுக்கோ, தோளைச் சுற்றிச் சுழற்றும் கனத்த மரக்கட்டையான கர்லாக்கட்டை இருக்கிறது. அதன் வழித்தோன்றலான கட்டை சுழற்றல் 1904, 1932 ஒலிம்பிக்கில் போட்டியாகவே இடம்பெற்றது.

இரும்புப் பளுவின் சிறப்பு, எடையை அளந்து சிறிது சிறிதாகக் கூட்ட முடிவதாகும். ஒருவர் ஒரே ஒருமுறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 முதல் 90 விழுக்காட்டை வைத்து, 3 முதல் 5 தடவை ஸ்குவாட் அல்லது டெட்லிஃப்ட் செய்து, 3 நிமிடம் ஓய்வெடுப்பது அடிப்படை விசையை வளர்க்கும். ஆனால் தசை தன் முழு விசையைத் திரட்ட ஏறத்தாழ 0.3 நொடியோ அதற்கு மேலோ ஆகும்; உதைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கிய அளவாதலால், கனத்த பளுவோடு மட்டும் நின்றுவிடுபவரின் உதை கனமாகுமே தவிர விரைவாகாது. இலேசான எடையுடன் துள்ளுவதும், கனப்பந்தை இடுப்பைத் திருப்பி எறிவதும் அந்தக் குறையைத் தீர்க்கும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இளைஞர்களைப் பழக்கும் பயிற்சியாளர்கள், முதுகு வளையாமல் பளு தூக்கக் கற்பித்த பின், கர்லாக்கட்டையையும் இளவட்டக்கல்லையும் பயிற்சி அட்டவணையில் சேர்க்க வேண்டும்.