பதிவேடும் மறுப்புரிமையும்: வன்னியிலிருந்து ஒரு நோக்கு

இயந்திரம் முடிவுசெய்யின் யாரிடம் முறையிடுவது என்பது இன்று சட்டவியலாளரின் வினா மட்டுமன்று. 2023 யூலையில் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டம் அவ்வினாவைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பிரதேச செயலக வாசல்களுக்கே கொண்டுவந்துவிட்டது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளியிட்டு, வறியோர் யாவர் என வரிசைப்படுத்தும் முறை அது. தானே கற்கும் செயற்கை நுண்ணறிவு இது அன்று. முன்கூட்டி வகுத்த விதிகளின்படி இயங்கும் புள்ளிக்கணக்கே. எனினும் அரச உதவிக்குத் தகுதி பார்க்கும் செயற்கை நுண்ணறிவை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஆம் ஆண்டுச் சட்டம் உயர் ஆபத்துடையதென வகுத்தமைக்குரிய காரணங்கள் இவ்வெளிய கணக்கிலேயே தெளிவாகத் தென்படுகின்றன. முதற்பட்டியல் வெளியானதும் நாடெங்கிலும் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன.

இதனைத் தரவுப் பிழை என்று கூறி அமைதியடைவோர் உளர். எமது கருத்து வேறு. கூட்டல் பிழைத்திருப்பின் திருத்திவிடலாம். கூட்டப்படும் பொருளே ஐயத்துக்குரியதாயின் என் செய்வது? 'உடைமை' என்பதை எடுத்துக்கொள்வோம். கேப்பாபுலவு மக்கள் 2017 இல் இராணுவத்தின் வசமிருந்த தம் காணிகளைக் கோரி வீதியோரத்தில் அமர்ந்தனர். காணி அவர்களுடையதே, ஆயின் அதில் ஒரு பிடி நெல்லும் விளையவில்லை. மறுபுறம், இடப்பெயர்வில் அனுமதிப்பத்திரத்தை இழந்து, தலைமுறையாக உழுத வயலில் ஏட்டளவில் உரிமையற்று நிற்போரும் வன்னியில் உண்டு. ஆம், இல்லை என்னும் இரண்டு விடைகளையே அறிந்த படிவத்துள் இவ்விரு சாராரையும் எவ்வாறு அடக்குவது?

பிளாக்செயின் பற்றிய பேச்சு இவ்விடத்திலேதான் கவனத்துக்குரியதாகின்றது. ஒருமுறை எழுதியதை யாரும் இரகசியமாக அழிக்கவியலாத இத்தொடர் பேரேட்டில் காணி உறுதிகளைப் பதியும் முயற்சியை ஜோர்ஜியா 2016 இல் ஆரம்பித்தது. ஊழலுக்கு எதிரான கருவியென்ற வகையில் அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அழியாமை வேறு, நீதி வேறு. முதற்பதிவை எழுதும் கை எவருடையது என்பதே வன்னியின் வினா. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன என ஊகித்தது. சேனை நிலமும் அவ்வூகத்துள் அகப்பட்டது. 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தலும் இத்தருக்கத்தினின்று வெகுதூரம் விலகியதன்று. காணித் தீர்வுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் குறிக்கப்பட்டது. முல்லைத்தீவில் மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல். மூன்று மாதத்துள் உரிமை கோராவிடின் அது அரச காணியாகும். புலம்பெயர்ந்தோரும் அகதிகளும் இறந்தோரின் வாரிசுகளும் மூன்று மாதத்துள் ஆவணம் திரட்ட வேண்டுமாம்! எதிர்ப்பும் வழக்கும் எழுந்தபின் அவ்வறிவித்தல் மீளப் பெறப்பட்டது. காகித வர்த்தமானியாதலின் மீளப் பெறுதல் எளிதாயிற்று. அழியாப் பேரேட்டில், திருத்தத்துக்கான வழி முன்னரே சட்டத்தில் வகுக்கப்படாவிடின், மௌனமே நிரந்தர உறுதியாகிவிடும்.

நமது சட்டம் தரும் பாதுகாப்பு யாது? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூல வடிவில் 18 ஆம் பிரிவு, முற்றிலும் தன்னியக்கமாகச் செய்யப்பட்ட முடிவை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையை வழங்குகின்றது. வரவேற்கத்தக்கதே. ஆயின் பாதிப்பு மீளமுடியாததும் தொடர்ச்சியானதுமாயிருத்தல் வேண்டும் என்கிறது அப்பிரிவு. மாதம் 8,500 ரூபா மறுக்கப்பட்ட குடும்பத்தின் பசி மீளமுடியாததா என்பதை யார் அளப்பது? தன்னைத் தள்ளிய குறிகாட்டி எதுவெனத் தெரியாதவர் எதனை மறுப்பார்? உரிமைகள் சார்ந்த பகுதிகள் 2025 மார்ச்சில் அமுலாக வேண்டியிருந்தும் அப்போது ஒத்திவைக்கப்பட்டன. இவற்றினும் பாரதூரமானது அதே பிரிவின் விதிவிலக்கு: எழுத்திலான சட்டமொன்று அதிகாரமளித்த முடிவுக்கு இவ்வுரிமை பொருந்தாது. அஸ்வெசும 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ் நடைபெறுகின்றது. காணித் தீர்வு நாளை கணினியின் கைக்கு மாறினும் அதற்கும் ஒரு கட்டளைச் சட்டம் உண்டு. இரண்டும் எழுத்திலான சட்டங்களே.